ஜன்னலில் ஒட்டிய கண்

எங்கள் நெப்ராஸ்கா மணல்மேட்டுச் சீமையில் டாக்டர் இருந்த வருஷமும் உண்டு, இல்லாத வருஷமும் உண்டு. விமானத்தைப் பழுது பார்க்க ஆர்லிஸ் வோபாட் மட்டும் முப்பத்துநாலு வருஷமாக இருந்தாள். தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா, வேலி நிற்கிறதா என்று பார்க்கவே மாட்டுப் பண்ணைக்காரர்கள் சின்ன விமானத்தில் கிளம்பிவிடுகிற ஊர் இது. அந்த விமானங்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்து கையெழுத்துப் போடுகிறவள் அவள். போடமாட்டேன் என்றால் போடமாட்டாள், பாதிரியாரே சிபாரிசுக்கு வந்தாலும் சரி. ஒருமுறை கொழுந்தனின் விமானத்தில் இறக்கைக் கீல் ஓரமாக மயிரிழை அளவு விரிசலைக் கண்டுபிடித்து, கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் பருவம் முழுக்க அதைத் தரையில் நிறுத்திவைத்தாள். அவன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. "வராட்டி போகட்டும், உயிரோட இருக்கானில்ல?" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள் புருஷன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

டெல்மருக்கு அறுபத்தேழு வயது. தரையில் அவன் ஊமைக்கோட்டான். கல்யாண வீட்டில்கூடச் சுவரோரம்தான் நிற்பான். தன் செஸ்னா விமானத்தில் ஏறி ஆயிரம் அடி போய்விட்டால் வேறு ஆள். பாட்டு வரும், கேலி வரும். ஆர்லிஸ் அவனைக் காதலித்ததே மேலே வைத்துத்தான். கீழே பார்த்திருந்தால் திரும்பியே பார்த்திருக்கமாட்டேன் என்று அவளே சொல்லுவாள்.

பிப்ரவரியில் ஒருநாள், பிக்கப் வண்டியில் டயர் அழுத்தம் பார்க்கிற கருவியைத் தேடியபோது, டெல்மரின் கையுறைகளுக்கு அடியில் ஒரு கண்மருந்துக் குப்பி கிடைத்தது. க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. நகரத்து டாக்டரின் பெயர். அதோடு இருந்த மருந்துச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் முதல் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. இடதுபக்கம் வைத்த காபிக் கோப்பையை அவன் ஏன் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறான், கதவுச்சட்டத்தில் ஏன் தோளை இடித்துக்கொள்கிறான் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் விளங்கியது. நேர்ப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. கண் சோதனைப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவான். ஓரங்கள்தான் இருட்டிக்கொண்டு வந்தன.

குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். டெல்மரின் அப்பா குதிரை ஏற முடியாமல் போனபின் மூன்று குளிர்காலம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்காவதைப் பார்க்காமலே போனார். டெல்மரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கிக்கொண்டே இரண்டு மாசத்தை ஓட்டினாள்.

ஏப்ரலில் தபாலில் ஒரு பெட்டி வந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு ரிசீவர். மற்ற விமானங்கள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அனுப்புகிற தகவலையும், தரை நிலையங்கள் அனுப்புகிற மழைப் படத்தையும் பிடித்து, டேப்லெட் திரையில் காட்டும். ஏதாவது கிட்டே வந்தால் ஹெட்செட்டில் குரல் கொடுக்கும்.

"எல்லாரும் வாங்கிட்டாங்க, நான் மட்டும்தான் பாக்கி," என்றான் டெல்மர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கொண்டா, மாட்டித் தர்றேன்," என்றாள் ஆர்லிஸ், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மாட்டுகிற வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். டாஷ்போர்டில் வைத்தால் வெயிலில் சூடேறி அணைந்துபோகும், திசைகாட்டியையும் குழப்பும். அதனால் பின் ஜன்னல் கண்ணாடியைச் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரப்பர் உறிஞ்சியை அழுத்தி ஒட்டினாள். ஒயரைக் கதவுத் தூணோரமாக இறக்கி, பிடியிலோ மிதியிலோ சிக்காமல் நான்கு இடத்தில் கட்டினாள். கையோடு கழற்றிக்கொண்டு போகிற பொருள் என்பதால் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. ஆயுசெல்லாம் கையெழுத்துப் போட்டவளுக்கு இதில் கையெழுத்தே இல்லை. அது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

"ஒரு பொட்டிக்கு இவ்ளோ அலங்காரமா? எனக்குக்கூட இப்படி டை கட்டிவிட்டதில்லையே நீ," என்றான் டெல்மர்.

"நீ ஆடாம நின்னா கட்டியிருப்பேன் கிழவா. பேசாம லைட்டைப் பிடி."

எங்கள் பக்கம் தரையில் நின்றால் அந்தப் பெட்டிக்கு ஒன்றும் எட்டாது. மேலே ஏறிப் பார்த்தால்தான் உண்டு. சனிக்கிழமை காலை, விமானக் கொட்டகையில் எல்லோரும் சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் தின்றுகொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் கிளம்பினார்கள். டெல்மர் இடது இருக்கையில், ஆர்லிஸ் வலதில்.

ஏறியதும் பெட்டி அலறத் தொடங்கியது.

"ஏய், எவனோ நம்ம தலைமேலயே உக்காந்திருக்கான்!"

"அது நாமதான். நம்ம விமான நம்பரை இதுல போட மறந்துட்டேன். இரு." எண்ணைத் தட்டியதும் அடங்கியது.

பிறகு எல்லாம் அழகாக வந்தது. மேற்கே ஒரு மழைத்திட்டு. முப்பதாயிரம் அடியில் ஒரு சரக்கு விமானம். இருபது மைலுக்கு அப்பால் பக்கத்து ஊர்க்காரனின் செஸ்னா. டெல்மர் பாட ஆரம்பித்துவிட்டான். ஆர்லிஸுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இன்னும் ஐந்து வருஷம் ஓட்டிவிடலாம், இந்தப் பெட்டி அவனுக்கு ஓரக்கண்ணாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்த இரண்டு மாசத்தில் அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது அப்போதுதான்.

திரும்பி வரும்போது திரையில் ஒரு புள்ளியும் இல்லை.

"வானம் பூரா நமக்குத்தான்டி," என்றான் டெல்மர்.

ஆர்லிஸ் சிரித்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தோளுக்கு அப்பால், இடது ஜன்னல் முழுக்க மஞ்சளாக ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது.

தன் பக்கத்திலும் இருந்த ஓட்டும் பிடியை இழுத்து வலதுபக்கம் சாய்த்தாள். மஞ்சள் விமானம் அவர்கள் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. அதன் திறந்த கதவு வழியாக யாரோ கையை ஆட்டுவதுகூடத் தெரிந்தது.

"என்ன பண்றே? பைத்தியமா உனக்கு? திரையில ஒருத்தனும் இல்லையே!"

ஆர்லிஸ் அந்த மஞ்சள் இறக்கையை அடையாளம் கண்டுகொண்டாள். அது எங்கள் ஊர் மார்னியின் 'கப்' ரக விமானம். எண்பது வருஷத்து விமானம். அதில் பேட்டரியே கிடையாது. முன்விசிறியைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தான் எங்கே இருக்கிறேன் என்று அது யாருக்கும் சொல்லாது. சொல்லாதவர்களை இந்தப் பெட்டி காட்டாது. போன வாரம்தான் அதற்கு ஸ்பார்க் பிளக் மாற்றிக் கொடுத்திருந்தாள் ஆர்லிஸ். இந்தக் கையால் அதையும் பார்த்து, இதே கையால் இதையும் மாட்டியவளுக்கு, இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் நிஜம்.

இறங்கி, இன்ஜினை அணைத்த பிறகும் இருவரும் இருக்கையை விட்டு அசையவில்லை. பின்னாலேயே மார்னியும் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், முப்பது வயசு. டெல்மர் அந்தக் காலத்தில் தெரிந்தவர்கள் பக்கத்தில் பறந்து இறக்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவான் என்று ஊரே அவளுக்குச் சொல்லியிருந்தது.

"அடேயப்பா டெல்மர்! ஹலோ சொல்றதுக்கு இவ்ளோ கிட்டவா வருவீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு!" சிரித்தாள் அவள். "ஆனா கை காட்டினேன், பாத்தீங்கல்ல?"

டெல்மர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பது மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான். "பாக்காம என்ன? தூங்கிட்டுப் பறக்கறியோன்னு எழுப்பிவிட்டேன்."

ஆர்லிஸ் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். எல்லாம் பழையபடி இருக்கும்.

"நாளைக்கு எங்கம்மாவை முன்சீட்ல ஏத்திட்டுப் போறேன்," என்றாள் மார்னி. "அவங்க இருக்கறப்ப மட்டும் இந்த விளையாட்டு வேணாம். பாவம், நெஞ்சு நின்னுடும்."

"டெல்மர்," என்றாள் ஆர்லிஸ். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் தலையை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தான். அப்படித் திருப்பினால்தான் அவள் தெரிவாள் என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

அவன் பின் ஜன்னலைக் காட்டினான். "தெரிஞ்சுமா இதை மாட்டிக் குடுத்தே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். குழந்தை கேட்பது மாதிரி கேட்டான். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. மார்னி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு மிச்சமிருந்தது.

டெல்மர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தான்.

"மார்னி," என்றான், "நீ எந்தப் பக்கத்திலேர்ந்து வந்தேம்மா?"