நாலாம் அங்கத்து மழை

திங்கட்கிழமை காலை, ஒன்பதே முக்கால் மணி. பாளையங்கோட்டையில் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு பேர் என்னை மறித்துக்கொண்டார்கள். பாடப் புத்தகத்திலுள்ள ஆங்கில நாடகத்தின் நாலாம் அங்கத்தை உடனே நடத்த வேண்டும் என்றார் ஒருவர். அதை நடத்தவே கூடாது என்றார் மற்றவர்.

இருவருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது!

குற்றம் என்னுடையதுதான். எந்தப் பாடத்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கினேன், அன்று வெயிலா மழையா என்றெல்லாம் டைரியில் எழுதிவைக்கும் வியாதி எனக்கு உண்டு. பழைய டைரிகளைப் புரட்டியபோது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. இந்த நாடகத்தை நடத்திய மூன்று வருஷமும், நாலாம் அங்கம் தொடங்கிய தினத்தில் மழை!

நாலாம் அங்கம் என்பது புயல். ஒரு பிரபுவின் கப்பல் உடைகிறது. பிரபு, அவருடைய மாமியார், சமையற்காரன் - மூவரும் ஒரே பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகக் கவிதை பேசுகிறார்கள். முழுகப் போகிறவர்களுக்கு எப்படித்தான் அத்தனை மூச்சோ...

மழைக் கணக்கை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். நாலாம் அங்கம் எப்போதும் ஐப்பசியில்தான் வரும், ஐப்பசியில் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நம் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? மழை தவறினால் கோயில் மண்டபத்தில் ஆள் வைத்துக் கதை படிப்பார்கள். கதையில் மழை வரும் கட்டத்தில் வானமும் இறங்கி வரும் என்று நம்பிக்கை. இந்த வருஷம் ஐப்பசி பாதி போயும் ஒரு தூறல் இல்லை. பையன்கள் என் டைரிச் சங்கதியை வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா?

நடத்தச் சொன்னவர் களக்காட்டு ஆவுடையப்ப பிள்ளை. மகன் என் வகுப்பில் இருக்கிறான். வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சார்வாள், நாத்து கருகுது. குளத்துல தவளை கத்தி மாசம் ஒண்ணாவுது. கோயில்ல படிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. உம்ம இங்கிலீஸையும் பாத்திருவோம்."

தடுக்க வந்தவர் வெங்குவையர். கல்லிடைக்குறிச்சிக்காரர். பள்ளிக்கு எதிர்வீட்டு முற்றத்தில் பாய் பாயாக அப்பளம் காயப் போட்டிருந்தார்.

"ஓய், வாத்தியாரே! சனிக்கிழமை அம்பாசமுத்திரத்திலே கல்யாணம். அத்தனையும் அந்த ஆர்டர். நனைஞ்சா கூழுதான். ஒரு வாரம் பொறுத்து நடத்தினா உம்ம இங்கிலீஷ் ஊசியா போயிடும்?"

பொறுக்க முடியாதே! புதன்கிழமை இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். பாடத்திட்டப்படி அன்று நாலாம் அங்கம். அதைத்தான் கேட்பேன் என்று ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டார். நானோ மூன்று வருஷமாகத் தற்காலிக வாத்தியார். துரை தலையை ஆட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதிலும் என் முறை கொஞ்சம் வில்லங்கமானது. எனக்கு முன்பிருந்தவர் செய்யுளைப் பதம் பதமாகப் பிரித்து அர்த்தம் சொல்வார். 'புயல்' என்ற சொல்லுக்கே ஒரு மணி நேரம். அதற்குள் பையன்கள் முக்கால்வாசிப் பேர் தூங்கி விழுவார்கள். என் வகுப்பில் பையன்களே புயல். உள்ளங்கையைத் தேய்த்தால் காற்று, பெஞ்சில் விரலால் தட்டினால் தூறல், தகரத்தை உதைத்தால் இடி.

"இது கிளாஸா, கூத்துக் கொட்டகையா தம்பி?" என்று ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று. கிழமையெல்லாம் டைரியில் இருக்கிறது.

"சரி சாமி," என்று பிள்ளை இறங்கி வந்தார். "காத்து வேண்டாம். காத்தடிச்சா எம் வாழை சாஞ்சிரும். மழையை மட்டும் வாசிக்கட்டும்."

"நன்னாயிருக்கே! காத்தை வாசிக்கட்டும், பிள்ளைவாள். அப்பளம் காயும். மழையை விட்டுடட்டும்."

"மழையில்லாம என்னவே புயலு?"

"அப்போ பையத் தூறட்டும். நான் ஓலை போட்டு மூடிக்கறேன்."

எந்த வரியில் காற்று, எந்த வரியில் மழை என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பாதி அங்கத்தை அலசிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன்கூட அந்தக் கவிதையை இவ்வளவு கவனமாக ஆராய்ந்ததில்லை. தேர்வுக்குப் படிக்கிறவனுக்குப் புயல் வந்தால் என்ன, போனால் என்ன? மதிப்பெண் நனையாது. தன் அப்பளம் நனையும் என்று பயப்படுகிறவனல்லவா வாசகன்!

புதன்கிழமை, பதினொன்றே கால் மணி. துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பக்கத்தில் ஹெட்மாஸ்டர். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் பிள்ளையும் ஐயரும். நான் வாசிக்க ஆரம்பித்தேன். பையன்கள் கையைத் தேய்த்தார்கள். காற்று எழுந்தது. ஐயர் முகத்தில் திருப்தி. பிள்ளை வாழையை நினைத்து நெளிந்தார்.

பெஞ்சுகளில் தூறல் விழுந்தது. வலுத்தது. தகரம் இடித்தது.

"போதும் ஓய், நிறுத்தும்!" என்று ஐயர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"விடாதீரும் சார்வாள்! இன்னும் கொஞ்சம் ஓங்கி!" - இது பிள்ளை.

போச்சு, வேலை போச்சு! துரை திரும்பி, யார் இவர்கள், என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹெட்மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்தார்.

"ஒருவரால் இந்தக் காட்சியைத் தாங்க முடியவில்லை. மற்றவருக்கு இது போதவில்லை," என்றார்.

அதில் பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

துரை எழுந்து ஜன்னலருகே போய் இருவருக்கும் கை கொடுத்தார். வருகைப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினார். எழுத்தறியாத பெற்றோரையும் கலங்க வைக்கும் போதனா முறையை இந்த ஜில்லாவில் வேறெங்கும் கண்டதில்லையாம். வேலை நிரந்தரம்.

"தகரம் மட்டும் கொஞ்சம் மெதுவாக, தம்பி," என்றார் ஹெட்மாஸ்டர்.

வானம்? ஒரு சொட்டு இல்லை! ஐயர் அப்பளத்தைக் கட்டிக்கொண்டு மறுநாள் காலை ரயிலேறினார். பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் தற்காலிக வாத்தியார்தான்.

வெள்ளிக்கிழமை, மூன்று மணி பத்து நிமிஷம். கீழ் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்தது பாருங்கள் மழை... பாளையங்கோட்டை, களக்காடு, எங்கும் ஒரே கொட்டு. சனிக்கிழமை காலையில் பிள்ளை நனைந்த வேட்டியோடு ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்து, என் மேஜைமேல் வைத்தார்.

"நாலாம் அங்கம் புதன்கிழமையே முடிந்துவிட்டதே, அண்ணாச்சி. இது அந்த மழை இல்லை," என்றேன் நேர்மையாக.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன சார்வாள், படிச்சவரு இப்படிப் பேசுதீரு? இது சீமை மழையாக்கும்வே. கப்பல்ல வந்து சேர ரெண்டு நாள் ஆவாதா?"