பதினான்காம் கதவுக் குதிரை

என் கணவரின் தமையன் இரண்டு கிழமை தங்குவதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடம் இருந்தார். மனைவி இறந்தபின் தன் வீட்டை விற்றுவிட்டு, மெல்பேணில் மகள் கட்டும் வீடு முடியும்வரை எங்களோடு இருப்பார் என்றுதான் பேச்சு. 2009 இல் வந்தவர் 2012 இல்தான் பெட்டியைத் தூக்கினார். முறைப்படி அவரை நான் அத்தான் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பிளாக்டவுனில் எங்களுடையது சின்ன வீடு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே சாப்பாட்டு மேசை அவருடையதாகிவிடும். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையோடு வரும் குதிரைப் பந்தயப் பக்கங்களை மேசை முழுக்க விரித்து, அவை பறக்காமல் இருக்க என்னுடைய தேத்தண்ணிக் கோப்பைகளை மூலைகளில் வைத்து, றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்காருவார். பின்னேரம் ஐந்து மணிவரை நாங்கள் குசினியில் நின்றபடி சாப்பிடுவோம். நான் முறைப்பாடு சொன்னால் என் கணவர், பாவம், மனைவியை இழந்த மனுசன் என்பார். அந்த மனைவி உயிரோடு இருந்தபோதும் சனிக்கிழமைகளில் நின்றபடிதான் சாப்பிட்டாள் என்பதை நான் அறிவேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் கணிதம் படிப்பித்தவள். இங்கே பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக் குசினியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு நான் தட்டு அடுக்குபவள் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மேசையைத் துடைக்கப் போனபோது அந்தப் பக்கங்களில் ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தேன். முழுக்க எண்கள். ஒவ்வொரு குதிரையின் பெயருக்குப் பக்கத்திலும் அது கடைசியாக ஓடிய ஓட்டங்கள், தூரம், நேரம், தரை எப்படியிருந்தது, எத்தனை கிலோ சுமந்தது என்று வரிசையாக இருந்தன. நின்றபடி அரைமணித்தியாலம் வாசித்தேன். ஹேண்டிகேப் பந்தயத்தில் எல்லாக் குதிரையும் ஒரே பாரத்தைச் சுமப்பதில்லை என்று அன்றுதான் விளங்கியது. நன்றாக ஓடுகிற குதிரைக்குப் பாரம் கூட, சோம்பலான குதிரைக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லாக் குதிரையும் ஒன்றாகவே வந்து முடிவுக் கோட்டைத் தொட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அப்படியென்றால், வெல்லும் குதிரையைத் தேடுவது என்பது அந்த அதிகாரி எங்கே பிழைவிட்டார் என்று தேடுவதுதான். பதினேழு வருடம் மற்றவர்களின் பிழையைத் தேடிச் சிவப்புக் கோடு போட்டவளுக்கு அதற்கு மேல் ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அத்தான் வட்டமிட்டு வைத்திருந்த குதிரை கடைசி இரண்டு பந்தயத்தையும் வென்றிருந்தது. அதனாலேயே அதற்கு நாலரைக் கிலோ கூட்டியிருந்தார்கள். இது வராது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "உமக்கு இதைப்பற்றி என்ன தெரியும்? போய்ச் சோத்தைப் பாரும்."

அடுத்த நாள் அந்தக் குதிரை ஒன்பதாவதாக வந்தது. நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே ஆக நல்ல நாட்கள் அந்த நாலும்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து, சனிக்கிழமை ஓடும் ஹேண்டிகேப் பந்தயங்களில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குதிரையாகப் பிரித்து எழுதினேன். போன முறை எவ்வளவு பாரத்தோடு எத்தனை குதிரை நீளத்தால் தோற்றது, இந்த முறை எவ்வளவு குறைந்திருக்கிறது, நீண்ட ஓய்வுக்குப் பிறகு வருகிறதா, புறப்படும் கதவு உள்வேலிப் பக்கமா வெளிப்பக்கமா என்று பார்ப்பேன். கடைசியில் ஒரு குதிரையின் பெயரை எழுதி, அதன் கீழ் காரணங்களை எழுதுவேன். ஒரு சதம்கூட வைத்ததில்லை. அவருடைய குதிரை பின்னால் வர, என்னுடையது முன்னால் போவதை அதே றேடியோவில் கேட்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொப்பியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், அவருடைய கண்ணில் படும்படியே வைத்தேன். அது திமிர்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அத்தானின் குதிரைகளும் மெல்ல மெல்ல முன்னால் வரத் தொடங்கின. எனக்கு அது உறைக்கவில்லை.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைத்தது. பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றபோது, படகில் வந்து இடைக்கால விசாவில் இருந்த ஒரு தம்பி என் கணவரிடம் வந்தார். கோழித் தொழிற்சாலையில் வேலை. மனைவியும் பிள்ளையும் ஊரில். உங்கட அண்ணையின் மூளையே மூளை என்று தொடங்கினார். "பாரம் கூடினாலும் தூரம் குறைஞ்சால் அந்தப் பாரம் தெரியாதாம். எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறார்."

அந்த வசனம் என்னுடையது. நான் கொப்பியில் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாறாமல் இருந்தது. அத்தான் சனிக்கிழமை மத்தியானங்களில், பக்கங்களை மேசையில் விரித்தபடியே விட்டுவிட்டு, பந்தயம் கட்டக்கூடிய கிளப்புக்குப் போய், ஆறேழு தமிழ் ஆட்களை வைத்துக்கொண்டு என் கொப்பியை ஒப்புவித்துக்கொண்டிருந்திருக்கிறார். காரில் வரும்போது கணவரிடம் கேட்டேன். அவர் றோட்டைப் பார்த்தபடி, அண்ணை இடைக்கிடை எடுத்துப் பார்க்கிறவர்தான் என்றார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கொப்பியில் ஒரு பொய் எழுதினேன்.

பதினாறு குதிரைகள் ஓடும் ஆயிரத்து நானூறு மீற்றர் பந்தயம். அதில் ஆக மோசமான குதிரையைத் தேடினேன். ஏழு வயதுக் குதிரை ஒன்று இருந்தது. கடைசி எட்டு ஓட்டத்திலும் முதல் மூன்றுக்குள் வரவில்லை. வெளிப்பக்கத்தில் பதினான்காம் கதவு. பாரம் ஆகக் குறைவு, அதுவும் அதற்கு ஒருவரும் மரியாதை தராததால். அதற்கு ஆதரவாக இரண்டு பக்கம் எழுதினேன். நேரங்களைத் திரித்தேன். தோல்விகளுக்கெல்லாம் சாட்டுக் கண்டுபிடித்தேன். நான் எழுதியவற்றிலேயே ஆக அழகான பகுப்பாய்வு அதுதான். அந்தத் தம்பியும் இதை நம்பிப் பணம் வைப்பார் என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு எழுதி முடித்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அன்று இரவு மழை பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம்வரை விடவில்லை. நான் குசினியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பந்தயத்தைக் கேட்டேன். தரை சேறாகிவிட்டது என்று அறிவிப்பாளர் சொன்னார். உள்வேலிப் பக்கம் எல்லாக் குதிரையும் புதைகிறது என்றும், ஓட்டுநர்கள் வெளிப்பக்கத்து இறுகிய தரையைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னார். வெளிப்பக்கத்தில் ஏற்கனவே ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது. பாரம் குறைந்த குதிரை. கடைசி இருநூறு மீற்றரில் அதன் பெயரை அவர் மூன்று முறை கத்தினார். இரண்டு நீளத்தால் வென்றது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தயப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குதிரை இளமையில் சேற்றுத் தரையில் இரண்டு தரம் வென்றிருந்தது. கடைசி வரியில் இருந்தது. கெட்டதை மட்டும் தேடிக்கொண்டு போனதால் நான் அந்த வரிக்குப் போகவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அத்தான் மேல். மீதி, ஒரு கடைசி வரியை வாசிக்காமல் விட்ட கணித ரீச்சர் மேல்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்த ஆட்களை எல்லாம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சமையல் நான்தான். அந்தத் தம்பி ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். பிள்ளைக்கு ஊரில் காது சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்ததாம், வென்ற காசை நேற்றே அனுப்பிவிட்டாராம். அத்தான் மேசையின் தலைமாட்டுக் கதிரையில் இருந்து, பதினான்காம் கதவை ஏன் எல்லாரும் வெறுத்தார்கள், தான் மட்டும் ஏன் வெறுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆட்டிறைச்சிக் கறியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"அந்தக் குதிரையை எடுத்தது நான்," என்றேன். "என்ர கொப்பியில இருக்கு. இவ்வளவு நாளும் இவர் சொன்னது எல்லாம் என்ர கொப்பியில இருக்கு."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். என் கணவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். அத்தான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, மிக அமைதியாகப் பேசினார்.

"அப்ப நீரே இவைக்குச் சொல்லும். ஏன் அந்தக் குதிரை?"

நான் வாயைத் திறந்தேன். எழுதிய இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். ஆனால் அவை பொய் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்வதென்றால், நீங்கள் எல்லோரும் தோற்க வேண்டும் என்றுதான் அதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மாம்பழப் பெட்டி கதவடியில் இருந்தது. அந்தத் தம்பி, சொல்லுங்கோ அக்கா என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம், ஆட்கள் போன பிறகு, கணவரிடம் நான் முழுவதையும் சொன்னேன். அண்ணைக்கு வெள்ளிக்கிழமையே விளங்கிவிட்டதாம் என்றார் அவர். கொப்பியை வாசித்துவிட்டு, இவள் எனக்குப் பொறி வைக்கிறாள் என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தாராம். அந்தக் குதிரையைச் சொல்லாமல் விடத்தான் நினைத்திருந்தாராம். சனிக்கிழமை காலை மழையைப் பார்த்துவிட்டுப் பழைய ஓட்டங்களைத் தேடியிருக்கிறார். அந்தக் கடைசி வரியை அவர் வாசித்திருக்கிறார்.

அதாவது அந்தக் குதிரையைத் தெரிந்தெடுத்தது உண்மையில் அவர்தான். அந்த வேலையை அவர் என்னிடமிருந்து பழகியிருந்தார். வேறு யாராவது என் கொப்பியைப் பார்த்து இப்படித் தேறியிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். அவர் தேறியது எனக்கு அவமானமாக இருந்தது. கொப்பியை வேலைத்தலத்து லொக்கருக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். என் கணவரிடம், இரண்டு மாதத்துக்குள் ஒன்றில் அவர் போக வேண்டும், அல்லது நான் போவேன் என்று சொன்னேன். மெல்பேண் வீடு ஆறு மாதமாகவே கட்டி முடிந்து கிடந்தது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

போகிற அன்று அவர் என் கணவரைக் கட்டிப்பிடித்து, போட்டு வாறன் என்றார். நான் வாசலில்தான் நின்றேன். என்னைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார். நான் உள்ளே வந்து மேசையை நாலு மூலையும் கழுவினேன்.

நவம்பரில், மெல்பேணின் பெரிய ஹேண்டிகேப் பந்தயம் ஓடும் செவ்வாய்க்கிழமை, காலையில் அவர் தொலைபேசி எடுத்தார். கணவர் பேசிவிட்டு, உம்மோட கதைக்க வேணுமாம் என்று போனை நீட்டினார். எனக்கு அன்று லீவு. மேசையில் பந்தயப் பக்கம் விரித்தபடி கிடந்தது. போனை வாங்காமல் விட்டிருக்கலாம்.

"என்ன எடுத்திருக்கிறீர்?" என்று கேட்டார். சுகம் விசாரிக்கவில்லை.

"நீங்கள் சொல்லுங்கோ."

அவர் ஒரு குதிரையின் பெயரைச் சொன்னார். பாரம், கதவு, போன ஓட்டத்தில் அது எங்கே அடைபட்டுக் கிடந்தது என்பதையும் சொன்னார். ஒவ்வொன்றும் சரி. முதல்நாள் பின்னேரம் மூன்று மணித்தியாலம் இருந்து நான் பிடித்ததும் அதே குதிரைதான். என் பதிலுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிப் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று அந்தக் குதிரை நாலாவதாக வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்டுப் போன் எடுத்ததில்லை.