இரண்டு பிரேக் உள்ள கார்

அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பேர் திட்டுக்குப் பயந்து இன்னும் நடந்தே போகிறார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று பெயர்ப்பலகை மட்டும் பெரிதாக இருக்கும். உள்ளே ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட படம், வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார், அவ்வளவுதான் பள்ளி. அந்தக் காரில் கிளட்சும் பிரேக்கும் இரண்டிரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு ஜோடி, பக்கத்தில் உட்காரும் அக்காவின் காலடியில் இன்னொரு ஜோடி. எதிரே லாரியைப் பார்த்ததும் மாணவர் கண்ணை மூடிக்கொண்டாலும் அக்காவின் கால் தன் வேலையைப் பார்த்துவிடும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

காருக்குள் ஏறிவிட்டால் அக்காவுக்கு எல்லாரும் சார், இல்லாவிட்டால் மேடம். மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "சார், அது கியர். கரண்டி இல்ல, கிண்டாதீங்க" என்பார். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும். புருஷனுக்கும் அதில் சலுகை கிடையாது. வீட்டில் "என்னங்க" என்று கூப்பிடுகிறவர், கார்க் கதவைச் சாத்தியதும் "சார், கண்ணாடியப் பாருங்க சார்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிற மனுஷனுக்கு, காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்க மட்டும் கடைசி வரை வரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள்; இங்கே வாத்தியார் புருஷன். சமதளத்தில் ஒரு மாதிரி ஓட்டிவிடுவார். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் போச்சு. உரிமத் தேர்வுக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் மேம்பாலத்து ஏற்றத்தில் கார் பின்னால் உருண்டது, தேர்வு அதிகாரி நெஞ்சில் கை வைத்தார். அதோடு புருஷன், எனக்கு என் ரெண்டு காலும் போதும் என்று கும்பிடு போட்டுவிட்டார். அக்கா விடவில்லை. ஓட்டிப் பழகுவதற்கான அனுமதிச் சீட்டு காலாவதியாகும் போதெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று புதுப்பித்துக்கொண்டே இருந்தார். அவரும் சண்டை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பெருந்தொற்று வந்து ஊரடங்கிய போது பள்ளிக்கும் பூட்டு விழுந்தது, கடைக்கும் விழுந்தது. வெள்ளைக் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வரவில்லை. அவருடைய மகள் தெருவில் நின்று அழுவதைப் பார்த்து அக்கா சாவியை எடுத்தார். முதல் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள். இரண்டாவதில் வாசல் கதவையே திறக்கவில்லை. மூன்றாவதில் அக்கா போட்ட சத்தத்தில் ஒரு படுக்கை கிடைத்தது. இல்லாத படுக்கை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை அது. முனை மருந்துக்கடைக்காரர் சேர்ந்துகொண்டார். யாருக்கு மூச்சுத்திணறல் என்ற செய்தி முதலில் அவர் கடைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் போன் வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் தங்கள் சொந்தக் கார்களோடு வந்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை, நன்றி சொல்லக்கூட நோயாளிகளுக்கு மூச்சு இல்லை.

ஒருதடவை, படுக்கை இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனார் அக்கா. போய்ச் சேருவதற்குள் அதில் வேறொருவர் படுத்திருந்தார். பஸ் சீட்டா என்ன, துண்டு போட்டு இடம் பிடித்து வைக்க? அந்த அம்மா வேறு இடம் தேடிப் போகும் வழியிலேயே கண்ணை மூடிவிட்டார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் குளியலறைக் குழாயைத் திறந்தே வைத்திருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அழுகைச் சத்தம் கேட்காது என்ற நினைப்பு. புருஷனுக்குக் கேட்டது. அதிலிருந்து டீச்சர் ஒரு விதி வைத்தார். ஆஸ்பத்திரியின் பொது எண்ணை நம்பக் கூடாது, வார்டு நர்ஸிடமே பேச வேண்டும். கிளம்பும்போது ஒரு போன், பாதி வழியில் ஒரு போன்.

நோயாளி பின்சீட்டில், நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை, நான்கு ஜன்னலும் திறந்திருக்கும். அக்கா ஓட்டிக்கொண்டே பேசுவார். "மூச்ச இழுங்க சார். பட்டுனு விடாதீங்க, கிளட்ச் மாதிரி மெதுவா விடணும்." கூட வருகிறவர் பதறினால் அவருக்கும் திட்டு விழும். பதறாத காரியம் சிதறாது என்பது அக்கா அடிக்கடி சொல்லும் பழமொழி. அதையும் பதற்றமாகத்தான் சொல்வார்.

வீட்டில் அவருக்கு முன்னறை, கணவருக்கு உள்ளறை. கணவர் சாப்பாட்டை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். முகக்கவசம் போட்டால் அக்காவின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஓட்டும்போது உலகமே பனிமூட்டம். கணவர் பூட்டிய கடையைத் திறந்து மூக்குப் பிடிப்புகளை மாற்றி, கண்ணாடி கொஞ்சம் தள்ளி நிற்கும்படி வளைத்து, அதே ஸ்டூலில் வைத்தார். ஆவி படிவது நின்றது. அக்கா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் அன்று தட்டில் வைத்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருந்தார். கணவருக்கு அது போதும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அலைச்சல் சூடு என்று சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள் காலையில் உள்ளறையில் கணவர் கை தவறி ஒரு டம்ளரைக் கீழே போட்டார். வீடே அதிர்ந்தது. முன்னறையிலிருந்து ஒரு திட்டும் வரவில்லை. அவர் சட்டென்று எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். அக்கா சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எண்பதுகளில் நின்றது.

டீச்சர் பத்து இடத்துக்கு மேல் போன் போட்டு ஒரு படுக்கையைப் பிடித்தார். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரி. மதியச் சாப்பாட்டு நேரம் வரை வைத்திருக்கிறேன், அதற்குள் இதைவிட மோசமான கேஸ் வந்தால் கொடுத்துவிடுவேன் என்று வார்டு நர்ஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குழுவின் ஒரு கார் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. இன்னொரு காரின் சொந்தக்காரரே காய்ச்சலில் படுத்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். மருந்துக்கடைக்காரருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் தெரியும்.

வாசலில் வெள்ளைக் கார் நின்றது. ஊரிலேயே அதை ஓட்டப் பயப்படுகிற ஒரே ஆள் கையில் சாவி இருந்தது.

பின்சீட்டில் படுத்துக்கொள் என்று அவர் கெஞ்சினார். அக்கா அந்த நிலையிலும் தலையை ஆட்டினார். பக்கத்தில் உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருந்தால்தான் அவர் சட்டப்படி ஓட்டலாம். சாகிற நேரத்திலும் சட்டம் பேசுவாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவர் முன்கதவைத் திறந்து உட்கார வைத்தார். வார்டுக்கு ஒரு போன் போட்டார். படுக்கை இருந்தது.

தெருவில் ஈ காக்கை இல்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு இப்படி ஒரு சாலை அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினார். அடுத்த முனையில் மறுபடி நின்றது. யாருமே இல்லாத நாற்சந்தியில், சிக்னல்கூட எரியாத இடத்தில், மறுபடி நின்றது. இத்தனை வருஷம் இவள் திட்டியதெல்லாம் சரிதான், நாம் எதற்கும் லாயக்கில்லாதவன்தான் என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

பாலத்துக்கு முன்னால் தடுப்பு போட்டு ஒரு காவலர் நின்றார். குலுங்கிக் குலுங்கி வரும் காரையும் அதன் தலையில் இருந்த 'எல்' பலகையையும் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஊரே அடங்கிக் கெடக்கு, நீங்க வண்டி பழகுறீங்களா?"

கணவர் பக்கத்து இருக்கையைக் காட்டினார். காவலர் குனிந்து பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்காமல் தடுப்பைத் தரதரவென்று இழுத்தார். அதே இடத்தில் நின்று வார்டுக்குப் பாதி வழிப் போனையும் போட்டார் கணவர். இருக்கிறது, ஆனால் வாசலில் இன்னும் ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார், சீக்கிரம் வாருங்கள் என்றார் நர்ஸ்.

மேம்பாலத்து ஏற்றத்தில் பாதிதான் ஏறியது. கார் இருமி நின்றது. கிளப்பினார், நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. அவர் பயத்தில் இரண்டு காலையும் எடுத்துவிட்டு, இதோ உருளப்போகிறது என்று ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கார் உருளவில்லை.

மூன்று தேர்விலும் இதே இடத்தில் பின்னால் ஓடிய கார், இப்போது யாரோ கட்டிப்போட்ட மாதிரி நின்றது. அவர் மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தார். அக்காவின் செருப்புப் போட்ட கால், தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. கால் நடுங்கியது, ஆனால் விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தியது யார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கண் மூடியிருந்தாலும் கால் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"காலை எடு" என்றார்.

"எடுத்தா... பின்னால போயிடும் சார்."

"போகாது. நான் புடிச்சிருக்கேன்."

"மூணு தடவையும்... தேர்வுக்குக் கெளம்பும்போது இதத்தான் சொன்னீங்க."

"பழகுறப்பல்லாம், உருண்டாலும் நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன். இப்ப விட மாட்டேன்."

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்தக் காருக்குள் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என்னங்க... எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். ரெண்டு காலையும் மேல தூக்கி வச்சுக்க."

அக்கா செருப்பைக் கழற்றினார். முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று. சின்னப்பிள்ளை மாதிரி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டு, வெறும் காலைக் கையால் பிடித்துக்கொண்டார். கார் இம்மியளவு பின்னால் நகர்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். நின்றது. வண்டியைக் கிளப்பி, கிளட்சை, கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முறுக்குகிற நிதானத்தில், கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். என்ஜின் சத்தம் மாறியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் ஏறியது. பாலத்து உச்சியில் அவர் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார், ஆனாலும் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தவறவில்லை.

படுக்கை இருந்தது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா திரும்பிப் பார்த்தார். பேச மூச்சில்லை. கையை மட்டும் தூக்கி, ஸ்டியரிங்கை ஒடிக்கிற மாதிரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். கார் கோணலாக, இரண்டு வண்டி நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா உள்ளே மறைந்த பிறகு அவர் போய் அதை ஒழுங்காக நிறுத்தினார்.

உள்ளே யாரையும் விடவில்லை. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக அவருக்குத் துணிச்சல் இருந்தது, ஆனால் அது சட்டமில்லை. அக்கா பிழைத்து வந்து முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார், கேட்க வேண்டும் என்று அவர் அங்கேயே இருந்துவிட்டார். ராத்திரி காரிலேயே படுத்துக்கொண்டு, பகலெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். டீச்சர் அனுப்பும் நோயாளிகள் வந்து இறங்கும்போது எந்தக் கதவு, எந்த வார்டு என்று காட்டுவார், சக்கர நாற்காலி பிடித்துக் கொடுப்பார். பதறுகிறவர்களிடம், பதறாத காரியம் சிதறாது என்பார். அவர் சொன்னபோது அது நிதானமாகவே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்காவை வெளியே விட்டார்கள். பாதி உடம்பாக ஆகியிருந்தார். அவர் சொல்லாமலே முன்கதவைத் திறந்தார். அக்கா ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். இரண்டாவது பிரேக் கீழே சும்மா கிடந்தது.

பாலம் ஏறி இறங்கினார்கள். தடுப்பருகே அதே காவலர் நின்றிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு, எப்படி இருக்கிறார் என்று கேட்க ஜன்னல் பக்கம் குனிந்தார். கணவர் சட்டென்று முகக்கவசத்தின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினார். சட்டப்படி பக்கத்தில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும்; விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓடுகிற காரில் பிரேக் அக்கா தூங்கி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தலை கணவர் பக்கம் சாய்ந்திருக்க, மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

காவலர் தலையாட்டினார். தடுப்பை இந்தத் தடவை தரையில் இழுக்காமல், சத்தம் வராதபடி கையால் தூக்கி ஓரமாக வைத்தார்.