மாடில்லாதவளின் பால் கேன்

காரிமங்கலம் பக்கத்து ஊரில் தீர்த்தம்மாள் தண்ணீரைப் பாலென்று விற்கிறாள் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள். ஆதாரம் பலமானது: மாட்டை விற்று இரண்டு வருஷமாகியும், தினம் காலை ஆறு மணிக்குப் பால் கேனோடு கிளம்புகிறாள். கலப்படத்திலிருந்து மாட்டையே நீக்கிவிட்ட அந்த முன்னேற்றத்தைப் பார்த்துவிடலாம் என்று போனேன்.

கேனைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"சுகருங்க. முன்னூத்திப் பத்து. தினம் முக்கா மணி நேரம் நடக்கலைன்னா காலுக்கு வந்துரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

வயது ஐம்பத்திரண்டு. சொந்த அண்ணிக்கு இரண்டு கால்விரல் போனதைப் பார்த்தவள். பயத்தில் மறுநாளே நடந்தாள், கையை வீசிக்கொண்டு.

அதுதான் தப்பு. நம் பக்கம் ஒரு பொம்பளை தலையில் புல்லுக்கட்டோடு எட்டு மைல் போகலாம், ஒரு நாய்கூடத் திரும்பாது. வெறுங்கையோடு எட்டு கரண்ட் கம்பம் தாண்டினால் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். "வூட்ல சண்டையா?" "கோவிச்சுக்கிட்டு மவ வூட்டுக்கா?" டீக்கடை குமார், "பாத்துக்கா, மாநில அளவுல செலக்ட் ஆயிடப் போற" என்றான். புருஷன் அர்ச்சுனனுக்கு வேறு கவலை.

"ஏற்கெனவே கரிச்சட்டி. வெயில்ல சுத்தி இன்னும் கறுக்கணுமா? காட்டுல குனிஞ்சு நிமிர்றது பத்தாதா?"

ஆறு மணிக்கு ஏது வெயில்? முப்பது வருஷம் அவரோடு காட்டில் களை வெட்டியபோது அடித்த வெயில் கறுக்கவைக்காத ரகம் போலிருக்கிறது.

"நடக்கறப்ப முதுவெல்லாம் கண்ணு குத்துதுங்க. திருடப் போற மாதிரி எனக்கே கூச்சமா போச்சு."

நாலாம் நாள் பரணிலிருந்து கேனை இறக்கினாள். ஒன்றரை மாதத்தில் சர்க்கரை இருநூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. அதற்குள்தான் இந்தக் கலப்படப் பேச்சு.

அதை நிறுத்த வழி சொன்னவள் பக்கத்து வீட்டு அன்பரசி. இரண்டு மாடு வைத்திருப்பவள். "சும்மா தூக்கிட்டுப் போறதுக்கு எம் பாலைக் கொண்டுபோயி சொசைட்டில ஊத்திடுக்கா. பேச்சு நின்னுடும். அதுக்குப் பதிலா பின்னாடி ஏழு நாளு நான் உங்கூட வெறுங்கையோட நடக்கறேன். ரெண்டு பேரா போனா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான். அப்பறம் உனக்குக் கேனே வேணாம்."

பேச்சு நின்றது. சும்மா நடந்தவள் வேலையாகப் போகிறாள் என்றதும் ஊருக்கே மூச்சு வந்தது. பன்னிரண்டு லிட்டர் பால், மேட்டுப் பாதை, தேய்ந்த ரப்பர் செருப்பு. பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் கிளம்பி உடைந்தது அவளுக்கு உறைக்கவில்லை. சர்க்கரை அந்த இடத்து உணர்ச்சியை முன்பே தின்றிருந்தது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் நான் போனபோது கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் இருந்தாள். இப்போது டாக்டரம்மா நடக்கவே கூடாது என்கிறார். சர்க்கரை மறுபடி முந்நூறைத் தாண்டிவிட்டது. விரல் தேறுமா, வரும் திங்கட்கிழமை பார்த்துத்தான் சொல்வார்களாம். அர்ச்சுனன், "அப்பவே சொன்னேன்" என்றார். படுத்துக்கிடப்பவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் இல்லை.

அன்பரசி எட்டிப் பார்த்தாள். சொன்ன ஏழு நாளில் ஒரு நாள்கூட அவள் நடந்திருக்கவில்லை.

"கோவிச்சுக்காதக்கா. காலு ஆறட்டும், கட்டாயம் உங்கூட நடக்க வர்றேன்."

"எந்தக் காலுல?" என்று கேட்டாள் தீர்த்தம்மாள்.