பத்து எண்ணும் வரை

என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆனாலும் இதை என் இரண்டு பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தை, "கோபமில்லாம எழுதுங்க" என்றார். எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் அம்மா அரூர் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தார். மூன்று அக்காமாரும் ஐந்தாவதோடு நின்றவர்கள். இவர் மட்டும் அடம்பிடித்துப் படித்து ஆசிரியர் பயிற்சி முடித்தார். என்னைக் கட்டிக்கொண்டு காரிமங்கலம் வந்த பிறகு, இரண்டு பஸ் மாறி வத்தல்மலை அடிவாரத்துப் பள்ளிக்குப் போனார். கடைசி வரை ஒன்றாம் வகுப்புதான். மேல்வகுப்பு கொடுத்தாலும் வேண்டாம் என்பார்.

நீங்கள் இருவரும் வெளியூர் போன பிறகு, வேலையில் இருந்தபடியே இளங்கலை முடித்திருந்தவர், தொடக்கக் கல்வியில் முதுகலைப் பட்டம் படிக்க அஞ்சல் வழியில் சேர்ந்தார். சேலத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு ஞானஸ்நான விருந்தில் உங்கள் மாமா எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, அ, ஆ சொல்லித்தர எதுக்கு முதுகலை? திரும்பவும் அதே ஒண்ணாங்கிளாசுக்குத்தான போகப்போற?"

"பன்னெண்டாவதுக்குச் சொல்லித்தர்றது சுலபம்ண்ணா. அதுங்க புரியலன்னா புரியலன்னு சொல்லும். எம்புள்ளைங்க சொல்லாதுங்க" என்றார் உங்கள் அம்மா. மாமா பாயசத்தைப் பார்த்துக்கொண்டார்.

படிப்பு முடிய ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். குழந்தைகளிடம் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதே அவர் எடுத்த பொருள். தலைமையாசிரியை அனுமதியோடு, நம் நிலத்தில் காட்டு வேலை இல்லாத நாட்களில் நான் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து குறித்தேன். குழந்தை பதில் சொன்னால் ஒரு கோடு, டீச்சரே சொல்லிவிட்டால் ஒரு சுழி. முதல் நாள் தாள் முழுக்கச் சுழிதான். வூட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை வருசமா நானே கேட்டு நானே சொல்லிக்கிட்டு இருந்திருக்கறேங்க" என்றார் பிறகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுவாரா? "நீங்க சிரிக்காதீங்க. 'சாப்டியா? சாப்டிருப்ப' அப்படின்னு ஒரே மூச்சுல கேக்கற ஆளு நீங்க. கேள்வியும் உங்களுது, பதிலும் உங்களுது. நடுவுல நான் எதுக்கு?"

அன்றிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவார். ஒரு நாள் புத்தகத்தில் சந்தைப் படம். கடைக்காரர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. எனக்கே சொல்லிவிடலாம் போல் இருந்தது. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை எழுந்தது. "தராசு. அது யாரோட தராசு டீச்சர்? அவங்களோடதுன்னா எங்க புளி கொறைஞ்சிரும்."

பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் அவர்கள் வூட்டுப் புளி, தேன், சாமை சந்தையில் எடை குறைந்த கதையெல்லாம் வந்துவிட்டது. உங்கள் அம்மா அதை அப்படியே ஒரு பக்கம் எழுதி, ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு அனுப்பினார். சிவப்பு மையில் குறுக்கே அடித்துத் திரும்பி வந்தது: 'தொடர்பற்றது. நீக்கவும்.' நீக்கினார். அடுத்து வந்த பேராசிரியர் தலைப்பையே மாற்றச் சொன்னார். மாற்றினார். உடம்பு படுத்த ஆரம்பித்ததும் அப்போதுதான். இருந்தும் எழுதி, பைண்டு செய்து கொடுத்தார். நேரில் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தேதி வரவேயில்லை. பல்கலைக்கழகத்துக்கு நான் போன் போட்டால், "படிக்கறவங்களையே பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார்கள். போனில் உரக்கப் பேசும் தெம்பு அவருக்கு அப்போது இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். "தேதி வந்திருச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். "வரும், வரும்" என்றேன். பிறகு, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். கேட்ட வாயை மூடாமல், "ஒண்ணும் பேசாத, களைச்சிருவ" என்று நானே முடித்தும்விட்டேன். அவர் இரண்டு கைகளையும் போர்வைமேல் விரித்துக் காட்டினார். பத்து விரல்கள். நான் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கண் மூடியிருந்தார். அதன் பிறகு பேசவில்லை. பத்து எண்ணச் சொன்னார் என்பது அடக்கம் முடிந்து வந்த பிறகே எனக்கு உறைத்தது.

தேர்வுக் கடிதமும் அடக்கத்திற்குப் பிறகே வந்தது. இறப்புச் சான்றிதழோடு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். "ஆள் வராம எப்படிங்க பட்டம் தர்றது?" என்றார் அங்கிருந்தவர். சட்டம் அப்படித்தான் இருக்கும், அவரைக் குறை சொல்லி என்ன? "அவங்க எழுதுனதை யாராவது முழுசாப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, பத்து வரை எண்ணினேன். அவர் காகிதங்களைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். ஒரு வருடமாகியும் என் கோபம் குறையவில்லை. அதில் பாதி அவர்கள்மேல். மீதி என்மேல்.

நோயில் எங்களைத் தாங்கிய செவிலியர்களுக்கும், வகுப்பைப் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியைக்கும், என் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும், குடும்பத்தோடு செபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் நன்றி. கிண்டல் செய்த மாமாதான் ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாக இருந்தார்; அவருக்கும் நன்றி. நீக்கச் சொன்ன அந்தப் புளிப் பக்கம் உங்கள் அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் மடித்திருந்தது. சிவப்பு மை இல்லாமல் அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். வந்தவர்கள் ஒருமுறை படியுங்கள். அது போதும்.

பிள்ளைகளே, ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் தினமும் போன் செய்கிறீர்கள். "அப்பா, நல்லா இருக்கீங்களா? சரி, ஒடம்பப் பாத்துக்கோங்க, வெச்சிடறேன்" என்கிறீர்கள். என்னிடமிருந்து ஒட்டிய பழக்கம்தான், குற்றம் சொல்லவில்லை. இனிமேல் கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். நான் சொல்கிறேன்.