தன்னிடமே தோற்ற நஸார் நானா

ஒரு மனிதர் காலையில் ஒரு கருத்தைச் சொல்லி, மதியம் அந்தக் கருத்தைச் சொன்னவரைக் கழுதை என்று திட்டி, மாலையில் "நீ சொல்றதும் ஞாயம்தான்" என்று தனக்குத்தானே விட்டுக்கொடுக்க முடியுமா?

முடியும் என்றது என் மென்பொருள். அதோடு நிற்கவில்லை... அவரே அவர் வாழும் கடற்கரையின் தலைசிறந்த ஜனநாயகவாதி என்றும் அறிவித்தது.

இணையத்தில் நாம் கதைப்பதெல்லாம் நமது கூட்டு முடிவுகளைச் செம்மையாக்குகிறதா, சீரழிக்கிறதா? இதை ஆராய நண்பர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்னரே புலம்பியிருக்கிறேன். பெயர் 'செவி'. ஒரு குழுவின் உரையாடலை, உறுப்பினர்களின் சம்மதத்தோடு, அது வாசிக்கும். பிறர் சொல்வதைக் கேட்டுத் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்பவருக்குப் புள்ளி கொடுக்கும். கத்துபவருக்குப் பூச்சியம்.

பரீட்சித்துப் பார்க்க, எத்தாளைப் பக்கத்து மீனவர் சங்கமொன்றின் வட்ஸ்அப் குழு கிடைத்தது. அங்கே நடந்த விவாதமும் லேசானதல்ல. கரைக்கு ஒரேயொரு நல்ல தண்ணீர்க் குழாய் வரப்போகிறது. அதை மீன் ஏலக் கொட்டிலுக்கு அருகில் வைப்பதா, கரையின் மறுகோடியில் மீனவர்கள் தங்கும் ஓலை வாடிகளுக்கு முன்னால் வைப்பதா? வாடிக்காரர்கள் கடலால் வந்து உடம்பு உப்பைக் கழுவுவதற்கு இன்றைக்கும் கேன்தான் சுமக்கிறார்கள். குழுவிலே கதைத்தார்கள். குழுவிலேயே வாக்கும் போட்டார்கள். மயிரிழையில் கொட்டில் வென்றது.

"நியாயமான கலந்துரையாடல், நியாயமான வாக்கெடுப்பு" என்று நானும் மனமுவந்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதை நம்பிக் குழாய் பதிக்கக் கொட்டில் வரை கான் வெட்ட ஆளும் பேசிவிட்டார்கள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து, ஏலக் கொட்டிலில் சங்கக் கூட்டம். செவி கண்டுபிடித்ததை நான் திரையில் காட்டினேன். மிகச் சிறந்த செவிமடுப்பாளர்... நஸார் நானா!

யாருக்கோ தேநீர் புரையேறியது.

நஸார் நானாவை நீங்கள் அறிய வேண்டும். வாடிக்காரர். மழை பெய்கிறது என்று நாம் சொன்னால், குடைக்குள் நின்றபடியே இல்லை என்பார். ஒவ்வொரு முறையும் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தாலும், தான் வாங்கிய எஞ்சினைப் போல் ஓர் எஞ்சின் இலங்கையிலேயே இல்லை என்பார்.

செயலாளர் ரமீஸ் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தங்கச்சி, மெசினுக்குக் காய்ச்சலா?"

அதன் பிறகுதான் விடயம் வெளியே வந்தது. நானாவின் வாடியில் சிக்னல் பிடிப்பது ஒரேயொரு தொலைபேசிக்கு. அது நஸார் நானாவுடையது; நடுக்கம்பில் ஒரு பையில் தொங்குகிறது. வாடியிலிருக்கும் ஆறு பேருக்கும் வாய் அதுதான். கழுதை என்று வந்தால் அது ஹனீபா. ஞாயம்தான் என்று வந்தால் அது அந்தோனி. குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் யாரையும் மாறி விளங்கியதில்லை. தெரியாதது இரண்டு பேருக்கு... செவிக்கும் எனக்கும்.

வாக்கு?

அந்தத் தொலைபேசியில் காலை முழுக்க ஆளுக்காள் மாற்றி மாற்றி அமத்தியிருக்கிறார்கள். ஒரு தொலைபேசிக்கு ஒரு வாக்கு, கடைசியாகத் தொட்டதுதான் கணக்கு. அப்படித் தொட்டது சமையற்காரர். எந்த இடத்துக்கு அமத்தினீர்கள் என்று கேட்டேன். மேலே இருந்ததற்கு என்றார். மேலே இருந்தது கொட்டில்.

நஸார் நானா எழுந்தார். தலைசிறந்த ஜனநாயகவாதி அல்லவா, நானும் பணிவோடு மைக்கை நீட்டினேன்.

"எங்கட வாடியில ஆறு பேர் குளிக்கிறம். வோட்டு ஒண்டு. ஃபோனா தங்கச்சி குளிக்கப் போகுது?"

கொட்டிலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற வாடிகளிலும் இதே கதைதான் என்று பின்வரிசையில் குரல்கள் எழுந்தன. கொட்டில் பக்கத்து வீடுகளிலோ ஆளுக்கொரு தொலைபேசி. நான் அளந்தது மக்களின் கருத்தையா, சிக்னல் பிடிக்கும் பரப்பையா? நஸார் நானாவின் மனமாற்றத்தை வண்ண வரைபடமாக்கிக் கொழும்புக் கருத்தரங்கு ஒன்றுக்கு வேறு அனுப்பிவிட்டிருந்தேன். கருத்தரங்கு சிரித்தால் எனக்கு வெட்கம், அவ்வளவுதான். கான் வெட்டினால் இவர்கள் காலமெல்லாம் கேன் சுமக்க வேண்டும்.

அறிக்கையை அங்கேயே மீளப் பெற்றேன். வாக்கெடுப்பை மறுபடி, கண்முன்னால் நடத்துமாறு கேட்டேன். வாடிக்காரர் எல்லோரும் வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குழாய் வாடிப் பக்கம் வேண்டுமென்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார் ரமீஸ்.

நஸார் நானா இரண்டு கைகளையும் தூக்கினார்.

"நானா, ஒரு ஆளுக்கு ஒரு கை."

"மற்றது ஃபோன்ட கை. அதுக்கும் கருத்து இருக்கெண்டு உங்கட தங்கச்சிதானே சொன்னவ?"

ரமீஸ் வந்து ஒரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்தக் கை இல்லாமலேயே வாடிகள் வென்றன.

குழாய் இப்போது வாடிகளுக்கு முன்னால் நிற்கிறது. செவி இப்போது எந்தக் குழுவையும் வாசிக்கும் முன், இந்தத் தொலைபேசியில் எத்தனை பேர் கதைக்கிறீர்கள் என்று கேட்கிறது.