வேப்பிலை கட்டாத மூன்று நாள்

முதலில் முகத்தில்தான் வந்தது. உப்புவெளியில் ஒரு விடுதியில் துணி தோய்த்து அயன் பண்ணுவது என் வேலை. சூட்டுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு முகம் சிவப்பது புதிதில்லை. வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். அடுத்த நாள் நெஞ்சிலும் கைகளிலும் பொட்டுப் பொட்டாக இறங்கியது. காய்ச்சல் என்று சொல்ல ஏலாத ஒரு மெல்லிய சூடு, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் அம்மாள் வருத்தம் வந்தால் வாசல் கேற்றில் வேப்பிலை கட்டுவோம். அதைக் கண்டால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், வீட்டுக்காரரும் வெளியே போகமாட்டார்கள். ஆனால் அம்மாள் என்றால் நீர் கட்டிய கொப்புளம் வர வேண்டும். எனக்கு ஒரு கொப்புளமும் இல்லை. வேப்பிலை கட்ட நினைக்கவே இல்லை. சனிக்கிழமை லீவு, தட்டை வடை சுட்டுக் கட்டிக்கொண்டு இறக்கக்கண்டிக்கு பஸ் ஏறினேன்.

அங்கேதான் தங்கச்சி இருக்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்குத் தலை பின்னியதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் நான்தான். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அவளுடைய வீடுதான் எனக்குப் போக்கிடம். இப்போது எண்ணெய் வைப்பது அவள் முறை. அன்றும் கதிரையில் என்னை இருத்தி, தலையைத் தடவிக்கொண்டு வந்தவள், காதுக்குப் பின்னால் கட்டி கட்டியாக இருக்கிறதே என்றாள். சளி பிடிக்கப்போகிறது போல என்றேன். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். பிறகு என் தோளில் தன் நாடியை ஊன்றிச் சொன்னாள்.

"அக்கா, பத்துக் கிழமை."

ஏற்கனவே இரண்டு தரம் கரு தங்காமல் போயிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று இந்த முறை முடிவு எடுத்திருந்தாள். கண்ணூறு பற்றிய பயம். என்னிடம்கூடச் சொல்லவில்லை; அன்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். நான் அழுதேன். அவளைக் கட்டிப்பிடித்து, அவள் தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, மறுநாள்தான் திரும்பினேன்.

திங்கட்கிழமை பொட்டுகள் மங்கிவிட்டன. ஆனால் விரல் மூட்டெல்லாம் நோவு. சட்டைப் பொத்தான் போட முடியாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார். ருபெல்லாவாக இருக்கலாம், ஜேர்மன் சின்னமுத்து என்றும் சொல்வது, இப்போது இங்கே அபூர்வம் என்றார். எங்கே தொற்றியது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, விடுதிக்குப் பல நாட்டுக்காரர் வந்து போகிறார்கள். பிறகு கர்ப்பிணிகள் யாரோடாவது பழகினீர்களா என்று கேட்டார்.

ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது, தலையைத்தான் ஆட்டுவேன். அன்று வாய் திறந்து, தங்கச்சிக்குப் பத்துக் கிழமை என்றேன்.

இருமல், தும்மல், மூச்சுக்காற்று இதிலேயே பரவும், பொட்டு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே பரவும் என்று டாக்டர் விளக்கினார். பெரிய ஆளுக்கு மூன்று நாள் வருத்தம். முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்குத் தொற்றினால் கரு கலையலாம், இல்லாவிட்டால் பிள்ளையின் கண், காது, இருதயம் பழுதாகலாம். ஊசி போட்டவர் என்றால் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் கர்ப்பமான பிறகு அந்த ஊசி போட ஏலாது.

அன்று பின்னேரமே அந்தப் பகுதி மருத்துவமாது தங்கச்சி வீட்டுக்குப் போய், அங்கிருந்து எனக்கு போன் எடுத்தார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். தங்கச்சியின் பழைய ஊசி அட்டை எங்கே என்று கேட்டார். அது சுனாமியில் கடல் வந்தபோது வீட்டோடு போய்விட்டது. உங்களுக்குப் போட்டதா என்று அடுத்துக் கேட்டார்.

போடவில்லை. அதற்குக் காரணம் நானேதான். தங்கச்சி எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தார்கள். அவள் ஓடிவிடுவாள் என்று தெரிந்து நான் கூடப் போனேன். அவளை இழுத்துப் பிடித்து முன்னுக்குத் தள்ளினேன். அவளுக்குப் போட்ட தாதி என்னைப் பார்த்து, நீங்களும் போடலாம் பிள்ளை, வாங்கோ என்றார். நான் போட்டிருந்தது கை இறுக்கமான சட்டை, மேலே மடிக்க முடியாது. கொக்கியைக் கழற்ற வேண்டும். மண்டபத்தில் பெடியன்கள் வாங்குப் பலகைகளை அடுக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, தங்கச்சியும் கேட்டுக்கொண்டிருக்க, போனில் ஒப்புக்கொண்டேன்.

பிறகு தங்கச்சி போனை வாங்கினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அண்டைக்கு என்னை மட்டும் மாட்டிவிட்டிட்டு நீங்கள் தப்பிட்டீங்கள், என்ன? நீங்கள் பிடிச்ச பிடி இப்பவும் நோகுது."

"எனக்கும் மறக்கேல்லையடி."

பள்ளிக்கூடத்தில் ஏற்பு என்கிற டெட்டனசுக்கும் ஊசி போட்டார்கள். அன்று போட்டது எது என்று நிச்சயமாகத் தெரியாமல் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார் மிஸ்ஸி. இருவருக்கும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நான் வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கேற்றில் வேப்பிலை கட்டினேன். பலனில்லை என்று தெரிந்தும் கட்டினேன். தங்கச்சி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று என்னைக் கேட்டாள். உனக்குப் பயமில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அது ருபெல்லாதான். தங்கச்சியின் இரத்தத்தில் அதற்கு எதிரான காவல் முன்பே இருந்தது. இன்னும் சில கிழமை கழித்து மறுபடி பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் தொற்றவில்லை. மிஸ்ஸி போனில் அதைச் சொன்னபோது நான் அயன் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்து ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன்.

பிள்ளை மாசியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண், காது, இருதயம் எல்லாம் பார்த்து நல்லது என்றார்கள். எனக்கு அது போதவில்லை. தங்கச்சி குசினிக்குள் போன நேரம் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கரண்டியால் மூடியில் தட்டினேன். பிள்ளை திடுக்கிட்டு அழுதாள். அன்று நன்றாக ஏச்சு வாங்கினேன்.

ஒன்பது மாதத்தில் அவளுக்கு இந்த ஊசி போடும் நாள் வந்தது. தங்கச்சிக்குப் பார்க்க மனமில்லை. என் மடியில் வைத்தாள். கிளினிக் நிறையப் பெண்கள். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த மிஸ்ஸி எல்லோருக்கும் கேட்க, "பெரியம்மா, நீங்கள் போட்டாச்சோ?" என்றார்.

"இல்லை மிஸ்ஸி. பொய் சொல்லிப்போட்டு ஓடினனான்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முகம் சிவந்திருக்கும். தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இறுக்கிப் பிடியுங்கோ அக்கா, உங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள். பிடித்தேன்.